கண்டதை மூடுகிறவள்

ஸுஹைறா ஹாஜியானியிடமிருந்து போன் வந்தபோது ஜெனூபா மில்லுக்குள் நின்று மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். மெசின் இரைச்சலில் முதல் அழைப்பு காதில் விழவில்லை. மறுபடி அடித்தபோதுதான் சுவிச்சை அணைத்து, கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். மிளகாய்க் கை பட்டால் காது எரியும்.

"ஜெனூபாவா? எங்கட மருமகள் மௌத்தாகிட்டா புள்ள. சுபஹுக்கு எழும்பி பாத்ரூமுக்குப் போன இடத்தில வழுக்கி விழுந்து தலையில அடி. நீ உடன வா. நதீராவையும் கூட்டிக்கு வா. லுஹர் தொழுகையோட அடக்கிரணும்."

"இன்னாலில்லாஹி... அஸ்னாவா மாமி?"

"ஓம், வேற ஆரு. கனபேரச் சேத்துக்கு வராத. நீ எண்டா கண்டத மூடுற ஆளு. அதான் உனக்கு அடிச்சன்."

போன் நின்றுவிட்டது. ஜெனூபா அரைபட்ட தூளை வாளியில் தட்டி மூடினாள். அஸ்னாவுக்கு இருபத்திரண்டு வயதுகூட நிரம்பியிருக்காது. போன கிழமைதான் அரிசி இடிக்க வந்து இந்தக் கதவடியில் நின்றாள். அழுகை வந்தது. ஆனால் அழுகைக்குப் பக்கத்திலேயே வேறொன்றும் வந்து நின்றது. மௌத்துச் செய்தி சொல்கிற வாய்க்கு, 'கண்டத மூடுற ஆளு' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? விழுந்து செத்த பிள்ளையில் மூடுவதற்கு என்ன இருக்கிறது?

அவள் பிறக்கும்போதே சந்தேகக்காரியாகப் பிறக்கவில்லை. அவளைச் சுற்றியிருந்தவர்கள் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்படி ஆக்கினார்கள். பிள்ளை இல்லையென்று மாப்பிள்ளை தலாக் சொல்லி, அவள் உம்மாவின் வீட்டுக்குத் திரும்பி வந்த வருசமே உம்மா வாதத்தில் விழுந்தாள். நோய் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "உம்மாவப் பாக்கத்தான் அல்லாஹ் உன்னத் திருப்பி அனுப்பியிரிக்கான்." உம்மா மண்ணுக்குப் போனபின் அவளுடைய அண்ணன் ஜவுபர் காக்காவின் மனைவி குவைத்துக்குப் பயணமானாள். அவருடைய மூன்று பிள்ளைகளும் ஜெனூபாவின் பாயில் வந்து படுத்தார்கள். "இந்தப் புள்ளைகளுக்காகத்தான் அல்லாஹ் உனக்குச் சொந்தமா ஒண்டும் தராம வெச்சிரிக்கான்" என்றார் காக்கா. அந்தப் பிள்ளைகளும் வளர்ந்து தங்கள் பாட்டுக்குப் போனார்கள். அல்லாஹ் அவளை எதற்காகப் படைத்தான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளிடம் வந்து அதைச் சொன்னவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் அவளால் ஒரு வேலை ஆகவேண்டியிருந்தது. அவ்வளவுதான் அவள் கவனித்தது.

மௌத்தான பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டும் வேலையும் அப்படித்தான் வந்தது. பழைய குளிப்பாட்டுகாரிக்கு முழங்கால் மடங்காமல் போனபோது, பெண்கள் மதரஸாவில் ஒரு பயிற்சி வைத்தார்கள். துணிக்கடையில் இரவல் வாங்கிய ஆளுயரப் பொம்மையைப் பலகையில் கிடத்தி, வலது பக்கம் முதலில், பிறகு இடது பக்கம், கடைசித் தண்ணீரில் கற்பூரம் என்று மார்க்கம் படித்த ஓர் ஆலிமா சொல்லிக்கொடுத்தார். பொம்மையின் கை கழன்று விழுந்தபோது எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மண்டபம் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். உண்மையான மையித்து வந்த நாளில் நின்றது ஜெனூபாவும் நதீராவும் மட்டும். மாதர் சங்கத்துக்குத் தலைவியாக இருந்த ஸுஹைறா ஹாஜியானி அன்றைக்கு ஜெனூபாவின் தலையில் கைவைத்துச் சொன்னாள்: "உன்ன அல்லாஹ் இதுக்குத்தான் படைச்சிரிக்கான் புள்ள. மாப்பிள்ளையும் இல்ல, குஞ்சு குருமானும் இல்ல. பயந்து ஒதுங்க உனக்கு என்ன இரிக்கி?"

ஜெனூபா தலையை ஆட்டிவிட்டு, மனதுக்குள் 'பாத்தியா, இவவும் வந்துட்டா' என்று நினைத்துக்கொண்டாள். ஹாஜியானி அவளுடைய பழைய மாப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தம். தலாக் முடிந்த கையோடு அவனுக்கு இரண்டாவது பெண் பார்த்துக் கொடுத்தவளும் அவள்தான். அப்படிப்பட்டவள் வாயால் அல்லாஹ்வின் நாட்டம் வருமா?

ஆனால் ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த முதல் மையித்தின் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் ஊற்றியபோது, அவளுடைய நெஞ்சுக்குள் வருசக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த மெசின் ஒன்று நின்றுபோனதுபோல் அமைதியானது. ஒன்றும் கேட்காத, ஒன்றும் சொல்லாத கை. அதற்கு அவள் தேவைப்பட்டாள்; அதை அது வாயால் கேட்கவில்லை. தொழுகையில்கூட அவளுக்குக் கிடைக்காத நிம்மதி அது. வீட்டுக்கு வந்து குளித்து, நெற்றி தரையில் பட சுஜூதில் விழுந்து, "யா அல்லாஹ், இது நீ தந்ததா, இல்லாட்டி எனக்குப் பழகிப்போன கூலி வேலையா?" என்று கேட்டாள். அந்த அமைதியையும் அவள் சந்தேகித்தாள். ஆனாலும் அழைத்த இடத்துக்கெல்லாம் போனாள்.

ஹாஜியானியின் வீடு கடற்கரைப் பக்கத்து வீதியில். ஓட்டோவில் நதீராவோடு போய் இறங்கியபோது வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள் நிறைந்திருந்தன. ஒரு மூலையில் அஸ்னாவின் மாப்பிள்ளை இன்பாஸ் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். யாரோ தோளில் கைவைத்தார்கள். அவன் அசையவில்லை. பள்ளி நிர்வாகத்து மரைக்காயர்களில் ஒருவரான ஜவுபர் காக்கா, மையித்தைச் சுற்றும் கபன் துணிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். "கிராம விதானைக்கிட்டக் கதைச்சாச்சு. விழுந்ததுதானே, அடக்குறதுக்குக் கடிதம் தருவாரு" என்று யாரிடமோ சொன்னது ஜெனூபாவுக்குக் கேட்டது. விழுந்து இன்னும் வெயில்கூட ஏறவில்லை. அதற்குள் கடிதம்வரை கதை போய்விட்டது.

"புள்ளட உம்மா வாப்பாவுக்குச் சேதி சென்னயா?" என்று ஹாஜியானியிடம் கேட்டாள்.

"சென்னம். மத்தியமுகாம் ஊரிலரிந்து வரணுமே. வாற நேரம் வரட்டும், நீங்க வேலையத் தொடங்குங்க" என்றாள் ஹாஜியானி. அவளுடைய கண் சிவந்துதான் இருந்தது. அழுத கண்தான். அதை ஜெனூபா மறுக்கமாட்டாள்.

இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். அஸ்னாவுக்கு அது நடக்கவில்லை. வாப்பா நாவிதன்வெளிப் பக்கத்தில் வயல் செய்கிறவர். உரப் பசளை கிடைக்காமல் இரண்டு போகம் கருகிப்போனதில் மகளுக்குக் கட்டத் தொடங்கிய வீடு யன்னல் மட்டத்தோடு நின்றுவிட்டது. 'வீடு முடியுமட்டும்' என்று சொல்லி மாப்பிள்ளையின் உம்மா வீட்டில் கொண்டுவந்து விட்ட பிள்ளை அவள். முடியாத வீட்டின் பேச்சு இந்த வீட்டுக் குசினியில் எப்படி ஓடும் என்பது ஊருக்குத் தெரியும்.

வீட்டின் பின்பக்கம், கிணற்றடியில், நான்கு பக்கமும் சீலை கட்டி மறைத்திருந்தார்கள். பலகையில் அஸ்னா. நதீரா தண்ணீர் வாளிகளை வரிசைப்படுத்தினாள். ஜெனூபா பிஸ்மி சொல்லிக் கையுறையைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, அதற்குக் கீழே கைவிட்டு, உடுத்தியிருந்த நீளக்கைச் சட்டையைக் கத்தரிக்கோலால் மெதுவாக வெட்டிக் கழற்றினாள். தலையின் பின்புறம் காயம் இருந்தது. ஓம், விழுந்த காயம் அப்படித்தான் இருக்கும். பிறகு வலது கையைத் துணிக்கு வெளியே எடுத்தாள்.

மேல்கையின் வெளிப்புறத்தில் நாலு அடையாளம் வரிசையாகக் கறுத்துக் கிடந்தது. உட்புறத்தில் ஒன்று. அவள் அறியாமலே தன்னுடைய விரல்களை அதற்கு மேலே கொண்டுபோனாள். தொடவில்லை. தொடாமலே பொருந்தியது. இடது கையிலும் இருந்தது. ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்தபோது முதுகில், சில இடத்தில் நீலமாக, சில இடத்தில் மஞ்சளாகி மங்கி, கோடு கோடாக.

"நதீரா, இஞ்ச பாரு."

நதீரா பார்த்தாள். உடனே வாளியைத் தூக்கி வேறு வாளிக்குள் ஊற்றினாள். தேவையில்லாத ஊற்றல். "விழுந்த அடியாயிரிக்கும் ராத்தா."

"முதுகிலயுமா? மஞ்சளாகிப் போயும் இரிக்கி. இது இண்டைக்கு வந்த அடியில்ல."

"நமக்கென்னத்துக்கு ராத்தா? ஆலிமா சென்னதானே, கண்டத மறைக்கணும் எண்டு. மறைச்சா அல்லாஹ் நம்மட பாவத்த மறைப்பான். ஊத்துங்க ராத்தா, நேரமாகுது."

ஜெனூபா செம்பை எடுத்தாள். தண்ணீர் ஊற்றிவிட்டால் முடிந்தது. கற்பூரம், கபன், சந்தூக்கு, மையவாடி. மண் போட்டபிறகு யார் தோண்டுவார்கள்? ஊற்றுவதும் அவளுடைய வேலைதான், அதற்குக் கூலி அல்லாஹ்விடம். செம்பு தண்ணீரோடு நின்றது.

போன கிழமை மில்லில் அஸ்னா கேட்ட கேள்வி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. நல்ல வெயிலில் நீளக்கைச் சட்டையோடு, வேர்த்து நின்றுகொண்டு, அரிசி மா இறங்குவதைப் பார்த்தபடியே கேட்டாள்: "ராத்தா, மையித்துக் குளிப்பாட்டுற நேரம் உங்களுக்கு எல்லாம் விளங்குமா? உடம்பப் பாத்தா?" ஜெனூபா, இதென்ன கேள்வி என்று திரும்பிப் பார்த்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரியோ, மௌத்துப் பயமோ என்று நினைத்து, "என்னத்தக் கண்டாலும் நாங்க வெளிய செல்றல்ல மகள். பயப்பிடாத" என்றாள். பிள்ளை சிரிக்கப் பார்த்தது, சிரிப்பு வரவில்லை. "ஒருத்தருக்கும் செல்ல மாட்டீங்களா?" என்று இன்னொரு முறை கேட்டது. "சத்தியமாச் செல்ல மாட்டம்" என்றாள் ஜெனூபா, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அஸ்னா மாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாவது தடவை ஏன் கேட்டாள்? உண்மையிலேயே கேட்டாளா, அல்லது இப்போது தன்னுடைய மனம் கட்டுகிற கதையா? ஜெனூபா தன்னைத்தானே சந்தேகித்தாள். ஹாஜியானி மேலுள்ள பழைய கோபம் இந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறதா? தன் குடும்பம் சிதறியதற்கு இந்தக் குடும்பத்தைச் சிதறடிக்கப் பார்க்கிறாளா? மனதில் வைக்கிற நிய்யத்து சுத்தமில்லாமல் செய்கிற காரியம் நன்மையாகாது. கண்ணை மூடி, உள்ளே தேடிப் பார்த்தாள். கோபம் இருந்தது. அது இல்லையென்று பொய் சொல்ல முடியவில்லை. ஆனால் கண்ணைத் திறந்தபோது, அந்த ஐந்து அடையாளமும் அவளுடைய கோபத்தைக் கேட்டுக்கொண்டு வந்ததல்ல என்பதும் தெரிந்தது. கோபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அங்கேதான் இருந்தது.

செம்பைக் கீழே வைத்தாள். துணியைக் கழுத்துவரை இழுத்து அஸ்னாவை மூடினாள். "மாமியக் கூப்பிடு" என்றாள்.

ஹாஜியானி சீலையை விலக்கி உள்ளே வந்தாள். ஜெனூபா அவளுடைய முகத்தைப் பார்த்தபடி, "நான் குளிப்பாட்ட மாட்டன் மாமி. மரண விசாரணை அதிகாரி வந்து பாக்கணும்" என்றாள்.

"என்ன கதைக்கா நீ? விழுந்த புள்ளைக்கு என்ன விசாரண?"

"கையில பிடிச்ச அடையாளம் இரிக்கி. முதுகில அடி இரிக்கி."

ஹாஜியானி அஸ்னாவின் பக்கம் திரும்பவே இல்லை. என்ன அடையாளம், எங்கே என்று கேட்கவும் இல்லை. அதை ஜெனூபா கவனித்தாள்.

"மாப்பிள்ள பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இரிக்கும். நீ வாழ்ந்து பாத்தாத்தானே தெரியும்? மையித்தில கண்டத மூடணும் எண்டு உனக்குச் செல்லித் தரல்லயா? குறைய மூடுறதுதான் உன்ட வேல. அதுக்குத்தான் உன்ன..."

அந்த வசனம் முடியவில்லை. முடியாவிட்டாலும் அதன் மிச்சம் ஜெனூபாவுக்குத் தெரியும். எத்தனை தடவை கேட்ட வசனம். தட்டுத்தடுமாறித்தான் சொன்னாள்: "மையித்திட குறையத்தான் மாமி மூடச் சென்ன. இது... இது இந்தப் புள்ளட குறையில்லையே."

சீலைக்கு அப்பால் ஜவுபர் காக்காவின் குரல் கேட்டது. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "ஜெனூ, என்ன இது? வெளியில சனம் நிக்குது. பொலிஸ், ஆஸ்பத்திரி எண்டு போனா மையித்த வெட்டுவாங்க தெரியுமா? ஒரு முஸ்லிம் பொம்புளட மையித்த நீ வெட்டக் குடுக்கப் போறியா? மறுமையில என்ன பதில் செல்லுவாய்?"

"காக்கா, நீங்க போன் எடுத்துச் செல்லுங்க. நீங்க மரைக்காயர். உங்கட வாய்க்கு மரியாத இரிக்கி."

"எனக்குப் பைத்தியமில்ல."

அப்போதுதான் வாசலில் வாகனச் சத்தமும் ஒரு பெண்ணின் ஓலமும் கேட்டன. அஸ்னாவின் உம்மா நஸ்லின் ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, சீலைக்குள் புகுந்து, பலகையடியில் விழுந்தாள். முகத்தைத் தடவினாள். "மகள், மகள்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஜெனூபா அவளை அழவிட்டாள். பிறகு பக்கத்தில் குந்தியிருந்து, துணியின் ஓரத்தைத் தூக்கி, கையைக் காட்டினாள்.

நஸ்லின் பார்த்தாள். அலறுவாள் என்று ஜெனூபா நினைத்தாள். அவள் துணியை வாங்கி, குழந்தைக்குப் போர்த்துவதுபோல் அந்தக் கையைத் திரும்ப மூடினாள்.

"தெரியும்" என்றாள் மெல்ல. "செல்லியிரிக்கா எனக்கு. வீடு முடியட்டும், பொறு மகள் எண்டு நான்தான் சென்னன்."

ஹாஜியானி வேறு பக்கம் பார்த்தாள். நதீரா வாய்க்குள் ஏதோ ஓதினாள்.

"நீங்க மூடித் தாங்க தங்கச்சி" என்று நஸ்லின் ஜெனூபாவின் கையுறைக் கையைப் பிடித்தாள். "உசிரோட இரிந்த நேரம்தான் அவள அடிச்சாங்க. மௌத்தாகியும் வெட்டணுமா? என்ட புள்ளய வெட்டப் போடாதங்க. உங்களுக்குப் புள்ள இல்ல, உங்களுக்கு விளங்காது. அவள அழகாக் குளிப்பாட்டித் தாங்க. நான் கூட்டிக்குப் போறன்."

இதற்கு ஜெனூபா தயாராக இருக்கவில்லை. ஹாஜியானியோடு சண்டை பிடிக்கலாம், காக்காவோடு சண்டை பிடிக்கலாம். பெற்றவள் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறாள். 'யா அல்லாஹ், இப்ப ஒரு தடவையாவது ஆரிட வாயாலயும் இல்லாம நீ நேராச் செல்லு' என்று கேட்டாள். கிணற்றடித் தென்னையில் காகம் கரைந்தது. உள்ளே யாரோ யாசீன் ஓதினார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் இந்த வீட்டிலிருந்த அத்தனை பேருக்கும், உம்மா உட்பட, ஏதோவொன்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொரு காரணத்துக்காக மூடியிருந்தார்கள். கடைசியாகத் தண்ணீர் ஊற்றி மூடுவதற்குத்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படியென்றால், மூடாமல் விடக்கூடிய ஆளும் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். இதைச் சொல்வதால் அவளுக்கு ஓர் ஆதாயமும் இல்லை. அவளை இதைச் சொல்லவைப்பதில் எவருக்கும் ஒரு தேவையும் இல்லை. இதுவரை அவளிடம் வந்த எந்த 'நாட்டமும்' இப்படி வந்ததில்லை.

கையுறையைக் கழற்றினாள். போனை எடுத்தாள். எந்தப் பொலிஸ் நிலையத்தின் நம்பரும் அவளுக்குத் தெரியாது. 119 மட்டும்தான் தெரியும். "என்னை மன்னிச்சிருங்க ராத்தா" என்று நஸ்லினைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழுத்தினாள். ஊரையும் வீதியையும் தன்னுடைய பெயரையும் சொன்னாள். சொல்லிமுடித்தபின், பலகைக்குப் பக்கத்தில் தரையில் குந்தி, முந்தானை ஓரத்தால் அஸ்னாவின் முகத்தில் ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டிருந்தாள். நஸ்லின் அவளைத் திட்டினாள், சாபம் போட்டாள், பிறகு அடுத்த பக்கத்தில் குந்திக்கொண்டாள். பொலிஸ் வரும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

அடுத்த நாள் அசர் தொழுகைக்குப் பின்தான் ஆஸ்பத்திரியிலிருந்து மையித்து வந்தது. குளிப்பாட்ட ஜெனூபாவைக் கூப்பிடவில்லை. நதீராதான் குளிப்பாட்டினாள். வெட்டித் தைத்த உடம்பில் தண்ணீர் ஊற்றும்போது அவள் மயங்கி விழப் பார்த்ததாகக் கேள்வி. ஜெனூபா தன்னுடைய மில்லின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். அஸ்னாவின் மேனியில் ஒரு செம்புத் தண்ணீர்கூட அவள் கையால் விழவில்லை. ஊர்ப் பேச்சைவிட அவளை அறுத்தது அதுதான்.

தலையில் பட்ட அடியால் மௌத்து என்று அறிக்கை வந்தது. தானாக விழுந்த அடியா, தள்ளி விழுந்ததா என்று உடம்பை மட்டும் பார்த்துச் சொல்ல ஏலாது என்றும், மற்ற அடையாளங்கள் அதற்கு முந்தி வெவ்வேறு நாட்களில் உண்டானவை என்றும் அதில் இருந்தது. இன்பாஸை உள்ளே வைத்தார்கள். பிறகு பிணையில் விட்டார்கள். வழக்குத் தவணைக்கு மேல் தவணையாகப் போனது. ஊர் இரண்டாகப் பிரியவில்லை. பெரும்பாலும் ஒன்றாகவே நின்றது, ஜெனூபாவுக்கு எதிரே. மையித்தைப் பொலிசுக்குக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். மிளகாயும் அரிசியும் பக்கத்து ஊர்ப் பாண்டிருப்பு மில்லுக்குப் போயின. ஜவுபர் காக்கா ஒரு நாள் வந்து, கதிரையில் இருக்காமலே, "உனக்கு என்ன கிடைச்சிச்சு? அவன் செஞ்சான் எண்டும் வரல்ல, செய்யல்ல எண்டும் வரல்ல. ஒரு குடும்பத்தச் சந்திக்கு இழுத்ததுதான் மிச்சம்" என்றார். அவர் சொன்னது முழுப் பொய்யுமில்லை.

சுபஹுத் தொழுகையில் சுஜூதில் நெற்றியை வைத்துக்கொண்டு அதையேதான் அவளும் கேட்டாள். "நீ காட்டினதா, நானாக் கண்டதா? நீதான் எண்டா, ஏன் அரைவாசியோட நிப்பாட்டினாய்?" முன்பெல்லாம் அல்லாஹ்வின் பெயரால் பேசியவர்களைத்தான் சந்தேகித்தாள். இப்போது தன்னைச் சந்தேகித்தாள். சில வேளை, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவனையும். ஆனால் தொழுகையை விடவில்லை. யாரும் கேட்டு அனுப்பாத ஒரு காரியத்தைச் செய்தது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். அதை நினைக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். கூடவே, முதல் மையித்தின் கையைப் பிடித்தபோது வந்த அந்த அமைதியும் ஓரமாக வந்து நிற்கும். இரண்டும் ஒன்றாக வந்ததில் எதை நம்புவதென்று அவளுக்கு விளங்கவில்லை.

மாரி தொடங்கிய ஒரு பின்னேரம், மழை விட்ட நேரமாகப் பார்த்து, வாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. இறங்கியது நஸ்லின். ஜெனூபா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சாபத்தின் மிச்சத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். நஸ்லின் மெலிந்துபோயிருந்தாள். செருப்பில் வயல் சேறு அப்பியிருந்தது. வாசலுக்கு வராமல் ஓட்டோவடியிலேயே நின்று சொன்னாள்:

"தங்கச்சி, ஒரு புள்ளய நீங்க பாக்கணும்."

யாரும் ஜெனூபாவைக் கூப்பிட்டு மாதக்கணக்காகிவிட்டது. அதுவும் இவள் கூப்பிடுகிறாள். "நான் இப்ப போறல்லையே ராத்தா. நதீராதான் போறா. அவக்குச் செல்லுங்க." வாய் அப்படிச் சொன்னாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஆரு? எங்க? எப்ப மௌத்து?"

"மௌத்தாகல்ல" என்றாள் நஸ்லின். "உசிரோடதான் இரிக்கா."

ஜெனூபா ஓட்டோவைப் பார்த்தாள். பக்கத்துத் தார்ப்பாய்ப் படங்கு முழுதாக இறக்கிவிடப்பட்டிருந்தது. மழை விட்டபிறகும் ஏன் இறக்கியிருக்கிறது? யார் பிள்ளை? யார் அனுப்பினார்கள்? ஹாஜியானியின் ஆட்கள் ஏதும் கண்ணி வைக்கிறார்களா, நஸ்லின் எந்த முகத்தோடு இங்கே வந்தாள், நாளைக்கு இந்தப் பிள்ளையின் மாப்பிள்ளை வந்து வாசலில் நின்றால் காக்காகூடத் துணைக்கு வருவாரா? கேள்விகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தாள். எதிர் வீட்டு யன்னலில் திரைச்சீலை லேசாக அசைந்தது.

"ஆர் ராத்தா உங்கள என்னட்ட வரச் சென்ன?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் செல்லல்ல."

நஸ்லின் படங்கை ஒரு கையால் விலக்கினாள். உள்ளே கறுப்பு அபாயாவுக்குள் ஒடுங்கிப்போய் ஒரு பெண் இருந்தாள். முகம் தெரியவில்லை. மடியில் கைக்குழந்தை நித்திரை. அவள் குழந்தையை ஒரு கைக்கு மாற்றி, மற்றக் கையால் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வெளியே நீட்டினாள். செருப்பில்லாத கால். அது கீழே தேங்கிநின்ற மழைத்தண்ணீருக்கு மேலே, இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல், காற்றில் நின்றது.

ஜெனூபா வாசற்படியிலிருந்து இறங்கித் தண்ணீருக்குள் காலை வைத்தாள்.